கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியல்

கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியல் என்பது, பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் துறை வேறுபாடின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களின் தொகுப்பாகும். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் உருவாக்கிய இப்பட்டியல் 2000ஆம் ஆண்டு வெளியானது. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கென்று தயாரிக்கப்பட்டதன்று எனினும், அத்தேர்வுக்குப் படிப்போர் இதைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு பிரிவுகளிலிருந்து ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் அளவுள்ள உரைகள் திரட்டப்பட்டன. மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2000 அடிப்படைச் சொற்களை நீக்கிவிட்டு, நான்கு பிரிவுகளிலும் பரவலாக வருபவை மட்டும் சேர்க்கப்பட்டன. கல்விசார் உரைகளில் ஏறக்குறைய 10 விழுக்காடு இச்சொற்களே. கதைகளிலோ அது 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே நாவல் வாசிப்பு நல்லதுதான் என்றாலும், இச்சொற்களுக்கு அது மட்டும் போதாது.

பட்டியல் 10 துணைப்பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் ஒன்பதில் தலா 60, கடைசியில் 30 குடும்பங்கள் உள்ளன. மிக அதிகமாக வருபவை முதல் துணைப்பட்டியலில் இருப்பதால், அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு மதிப்பீட்டில் கால் பங்கு உண்டு. இதைக் கேட்டதும் பலர் 'பிளெத்தோரா', 'மிரியட்' போன்ற பகட்டான சொற்களை மனப்பாடம் செய்து கட்டுரைதோறும் திணிக்கிறார்கள். தேர்வாளர் பார்ப்பது சொல்லின் அருமையை மட்டுமன்று. பொருத்தம், எழுத்துக்கூட்டல், சொல்வடிவம், எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற அறிவு ஆகியவற்றையும் பார்க்கிறார்.

நம்மவர் பெரும்பாலும் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். தமிழில் மழையும் 'பலத்த', காற்றும் 'பலத்த'. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. நாம் மாத்திரை 'சாப்பிடுகிறோம்'. ஆங்கிலத்தில் அதற்கு 'ஈட்' வராது, 'டேக்' என்பதே வரும். அதுபோல 'ரிசர்ச்' என்ற சொல் 'மேக்' என்பதோடு சேராது. 'டூ' அல்லது 'கண்டக்ட்' என்பதோடு சேரும். எனவே சொல்லைத் தனியாக எழுதிப் பொருள் போடுவதைவிட, துணைச்சொல்லோடு சேர்த்து ஒரு முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதுவதே பயன் தரும். தமிழ்ப் பொருளையும் பக்கத்தில் எழுதலாம், அதில் தவறில்லை.

குடும்பமாகப் படிக்கும்போது அழுத்தம் இடம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். 'அனலைஸ்' என்பதில் முதல் அசையிலும், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். 'எகானமி' என்பதில் இரண்டாம் அசையில் விழுவது, 'எகனாமிக்' என்பதில் மூன்றாம் அசைக்கு நகரும். பேச்சுத் தேர்வில் உச்சரிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. கேட்டல் தேர்விலோ, சொல் காதில் சரியாக விழுந்திருந்தும் ஓர் எழுத்து பிழையாக எழுதினால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்காது.