பரணில் சமைக்க முடியாது

சேலையூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “பிளேஸ்டேஷனில் இடம் இல்லை என்று வந்தது. ஒரு கேமை அழித்தேன். இரண்டு வருஷமா ஆடியது போச்சேன்னு பையன் அழறான்.” அம்மா, முதலில் அவனைத் தேற்றுங்கள். கேம் வேறு, ஆடிச் சேர்த்ததைக் காக்கும் சேவ் வேறு. கேமை அழித்தாலும் சேவ் கன்சோலுக்குள்ளேயே கிடக்கும். சேவ் டேட்டாவைத் தனியாகத் தேடிப்போய் அழித்திருந்தால்தான் வம்பு.

இடப் பஞ்சம் உண்மைதான். பிஎஸ்5 முதல் மாடலில் 825 ஜிபி; கேம்களுக்கு மிஞ்சுவது 667. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டினால், பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை வைக்கலாம், ஆட முடியாது. எங்கள் வீட்டுப் பரணில் இட்லிக் கொப்பரை இருக்கிறது. இட்லி வேண்டுமென்றால் கீழே இறக்கித்தானே ஆக வேண்டும்? பிஎஸ்5 கேம்கள் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டியை நம்பி எழுதப்பட்டவை. ஆடும் இடமே பெருக வேண்டுமென்றால் உள்ளே எம்.2 எஸ்எஸ்டி போட வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அதற்கு வழியுண்டு.

என்னை மயக்குவது சேவ்தான். பிஎஸ்2 மெமரி கார்டு வெறும் 8 எம்பி, தீப்பெட்டி அளவு. ஒற்றை அடுக்கு கேம் டிவிடியில் 4.7 ஜிபி வரை கொள்ளும். அதில் பிள்ளை ஆடிச் சேர்த்ததெல்லாம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். என் மகன் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை நண்பன் வீட்டுக்குப் போவான். அங்கே செருகி, விட்ட இடத்திலிருந்து ஆடுவான்.

பிஎஸ்4 சேவ் டேட்டாவையும் பென் டிரைவில் எடுக்கலாம். பிஎஸ்5 கேமின் சேவ் டேட்டாவை அப்படித் தனியாக எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் வழியே இன்னொரு பிஎஸ்5-க்கு மாற்ற வேண்டும். பிள்ளை ராத்திரி பகலாக ஆடிச் சேர்த்ததைக் கையோடு எடுத்துப்போகச் சந்தா கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சில சர்வீஸ் கடைகளும் கேட்காமலே ஃபார்மட் அடித்துவிடுகின்றன. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் சேவ் டேட்டாவைக் கிளவுடில் ஏற்றிவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிஎஸ்2 மூழ்கிப்போனது. படகில் ஏறும்போது மகன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது அந்த மெமரி கார்டைத்தான். பொங்கல் கழிந்து நண்பன் வீட்டில் செருகினான். பாதியில் விட்ட டெஸ்ட் மேட்ச் அப்படியே வந்தது. அவன் 62 ரன்னில் நின்றுகொண்டிருந்தான்.