உங்களுக்குத் தெரியுமா? கருக்கலைப்பு: அஞ்செட்டிக் காட்டில் வாரக் கணக்கு

● இந்தியாவில் கருக்கலைப்பு இன்றைக்கும் குற்றம்தான். 1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 312-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. வயிற்றுக்குள் அசைவு தெரியத் தொடங்கியபின் என்றால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் இந்தப் பிரிவு விடவில்லை. 1971-இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் (எம்.டி.பி. சட்டம்) இதற்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். அந்த விலக்கும் யாருக்கு? நல்லெண்ணத்தோடு செய்த டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது. கேட்டதும் கலைத்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அதில் ஒரு வரி கிடையாது.

● புறநானூறு 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கொடிய பாவங்களை அடுக்குகிறார். பெண்ணின் கருவைச் சிதைத்தல் அதில் ஒன்று. ஆனால் அதற்கும் பிராயச்சித்தம் உண்டாம். செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் கிடையாதாம். கருக்கலைப்பு விவாதத்தில் 'நம் மரபு' என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் இந்தப் பாட்டை முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

● 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர் அல்லது விவாகரத்து ஆனவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை. அதற்கு மேல், கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால், அல்லது தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும். 2021 செப்டம்பர் 24 முதல் இதுதான் விதி.

வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில் பலருக்கும் குழப்பம். கரு தங்கிய நாளிலிருந்து அல்ல; கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. நாள் தள்ளிப்போயிற்று என்று சந்தேகம் வரும்போதே கணக்கில் நான்கைந்து வாரம் ஓடியிருக்கும். இனி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கிராம நர்ஸ் கேட்டால் தேதி வராது. 'மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சேன்' என்றுதான் பதில் வரும். அங்கிருந்து அஞ்செட்டி, அங்கிருந்து காட்டு வழியில் தேன்கனிக்கோட்டை, அதையும் தாண்டி ஓசூர். பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து பைக்கில்கூட ஆள் வரமாட்டான். கிருஷ்ணகிரிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அது மாவட்டத்தின் அந்தக் கோடி. ஒரு நாள் கூலி, துணைக்கு வர ஓர் ஆள், வீட்டில் சொல்ல ஒரு பொய், இந்த மூன்றும் கூடிவருவதற்குள் வாரங்கள் போய்விடும். கடையில் கிடைத்த மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. மாத்திரைக்கு விதி அனுமதிப்பது 9 வாரம் வரை, அதுவும் டாக்டர் கொடுத்து.

● புருஷன் கையெழுத்து தேவையில்லை. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்று கவுன்டரில் சொன்னால் அது ஆஸ்பத்திரியின் வழக்கமே தவிர சட்டம் இல்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை: கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் 24 வார விதி பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29-இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது.

● கருக்கலைப்புக்கு வந்த பெண்ணின் பெயர் ஒரே ஒரு பதிவேட்டில்தான் இருக்கலாம். கேஸ் ஷீட்டிலோ ஆபரேஷன் தியேட்டர் நோட்டிலோ பெயர் கூடாது, வரிசை எண் மட்டும். சம்மதப் படிவத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'இரகசியம்' என்று எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. விதி இவ்வளவு கறாராக இருக்கிறது. வார்டு வராந்தாவில் பெயரைக் கூவி அழைக்கிற பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

● 2025 மார்ச்சில் ஒரு வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அஞ்செட்டி மலைக்கிராமத்துச் சிறுமி, வயது 14. பெங்களூருவில் தாலி கட்டிவைத்திருந்தார்கள். கணவன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அலறியவளை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு போகிறான். சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு பதிவாகிக் கைதும் நடந்தது. அந்த வழக்கில் கர்ப்பப் பேச்சே இல்லை. ஆனாலும் அப்படி மணம் முடிக்கப்பட்ட சிறுமி ஒருத்தி கருவுற்றால் என்ன ஆகும் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். 1956-இன் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில், மணமான சிறுமிக்கு இயற்கைக் காப்பாளர் யார்? கணவன்! போக்சோ சட்டத்தில் அதே ஆள் முதல் குற்றவாளி. மனைவியே ஆனாலும் 18 நிரம்பாதவளோடு உறவு வல்லுறவுதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 1956-இன் அந்த வரியை மட்டும் யாரும் இன்னும் அடிக்கவில்லை.

● சிறுமி கர்ப்பமாக வந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ. அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் அரசு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. 2022 தீர்ப்பு இதற்கும் வழி சொன்னது: விருப்பத்தோடு நடந்த உறவில், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் இதை வலியுறுத்தியது. இதே நீதிமன்றம் 1993-இலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: அப்பா கலைக்கச் சொன்னாலும், சிறுமி வேண்டாம் என்றால் அவள் மனதையும் கேட்க வேண்டும்.

● மாநில எல்லை தாண்டினால் சட்டம் மாறாது. எம்.டி.பி. சட்டமும் சரி, கருவில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடை செய்யும் 1994 சட்டமும் சரி, கர்நாடகத்து ஆனேக்கல்லிலும் அதேதான். 2023-இல் பெங்களூரு போலீஸ் பிடித்த கும்பல் மண்டியா பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலையில் ஸ்கேன் மெஷினை வைத்துப் பார்த்துவந்தது என்பது வழக்கு. 'பொண்ணா, கலைச்சுடு' என்பதும் 'இப்போது எனக்குக் குழந்தை வேண்டாம்' என்பதும் ஒரே தராசில் நிற்காது. முதலாவதில் பெரும்பாலும் முடிவெடுப்பது அவளே அல்ல. சட்டமும் அப்படித்தான் அனுமானிக்கிறது: கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்று எடுத்துக்கொள், இல்லை என்றால் அவர்கள் நிரூபிக்கட்டும். பெண் என்று பிறந்த சிசுவைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. அஞ்செட்டி அன்றைக்குத் தர்மபுரி மாவட்டம்தான்.

● பெளகாவியிலிருந்து போய் அயர்லாந்தில் பல் டாக்டராக இருந்தவர் சவிதா ஹலப்பனவர். 17 வாரக் கரு தங்காது என்று தெரிந்தபின் கலைக்கச் சொல்லிக் கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். கிருமித் தொற்று ரத்தத்தில் ஏறி 2012 அக்டோபர் 28-இல் இறந்தார். 2018-இல் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். இலங்கையில் 1883-இன் சட்டம் இன்றும் அப்படியே. தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி.

● அறத்தின் பக்கம் சிக்கல் எவ்வளவு என்பதற்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததே சாட்சி. இரண்டு குழந்தைகளின் தாய், இரண்டாவது கைக்குழந்தை. பால் கொடுக்கிற காலத்தில் மாதவிலக்கு வராததால் கருவுற்றதே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் தாண்டிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் நீதிமன்றம் அனுமதித்தது. எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், குழந்தை உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது, இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று எழுதிக் கேட்டார். இரண்டு பெண் நீதிபதிகளும் பிரிந்தார்கள். நீதிபதி ஹிமா கோலி, மனசாட்சி இடம் தரவில்லை என்றார். நீதிபதி நாகரத்னா, அவள் முடிவை மதிக்க வேண்டும் என்றார். மூவர் அமர்வு கடைசியில் மறுத்துவிட்டது.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் கோபம் வேறு இடத்தில்: பால் கொடுத்தால் கரு தங்காது என்ற நம்பிக்கை அந்தத் தாய் ஒருத்திக்கு மட்டுமா இருக்கிறது? பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஐந்து நிமிஷம் போதாதா?

● நாள் தள்ளிப்போனால் தள்ளிப்போன வாரமே கிராம நர்ஸிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்கள் உதவிக்கு 181, சிறுமியின் கல்யாணத்தைத் தடுக்க 1098. சொல்பவர் பெயரைக் கேட்டால், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.