முகவரி அறிந்து செல்லும் மருந்து

விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் இயல்பு. மயிர்க்கால்களிலும் குடலின் உட்புறத்திலும் உள்ள அணுக்கள் அவ்வாறே பெருகுவன. ஆதலால் முடி உதிர்கிறது, வயிறு கெடுகிறது.

இத்தீங்கைக் குறைக்க விஞ்ஞானிகள் மருந்துக்கு முகவரி எழுதலாயினர். மார்பகப் புற்றுக்கென அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுஸுமாப் எம்டான்சின் இத்தகையது. புற்றணுவின் மேற்புறத்தில் ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்திருப்பின், டிராஸ்டுஸுமாப் அதனைப் பற்றிக்கொள்ளும். அணு அதனை விழுங்கும். உடன் பிணைந்து சென்ற நஞ்சு உள்ளே வெளிப்பட்டு அவ்வணுவைக் கொல்லும்.

எனினும் ஈரலுக்கும் இரத்தத் தட்டணுக்களுக்கும் ஊறு நேரக்கூடும். ஹெர்-2 மிகாத புற்றுக்கு இம்மருந்து உரியதன்று. ஆகையால், அறுத்தெடுத்த சதைத் துணுக்கில் அப்புரதத்தைச் சோதித்தாயிற்றா என்று மருத்துவரை நாம் கேட்டறிதல் வேண்டும்.