அடைத்த பல்லின் ஓரம்

சொத்தைப் பல்லை அடைத்ததும் நாம் கேட்பது, "டாக்டர், எத்தனை வருஷம் தாங்கும்?" என்றுதான். அடைக்கும் பொருள் எவ்வளவு கெட்டி என்பதே பதில் என்று நினைக்கிறோம். ஆனால் அடைப்பு உடைவதைப் போலவே, அதற்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள ஓரத்தில் கிருமி நுழைந்து அடியில் மறுபடி சொத்தை விழுவதும் சகஜம்.

அமால்கம் எனும் பழைய 'வெள்ளி அடைப்பு' எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கலந்த புதிதில் குழைவாக இருக்கும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். "இன்னிக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க" என்பது அதனால்தான். வெள்ளீயமும் பாதரசமும் சேரும் பகுதிதான் அதன் பலவீனம். 1960களில் செம்பைக் கூட்டி அதை வெகுவாகக் குறைத்தார்கள். அமால்கம் பல்லோடு ஒட்டவே ஒட்டாது. வாய் குறுகி அடி அகன்ற குழியைக் குடைந்து, அதில் சிக்கி நிற்க வைக்கிறார்கள். அதற்காக நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஓரத்தில் இடுக்கும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், உலோகம் மெல்ல அரித்து உண்டாகும் கசடே அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது. அரிப்பால் ஆதாயம் பெறும் பொருள் அபூர்வம்!

பல் நிறத்துக் கம்போசிட் நேர் எதிர். 1955-ல் அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர், பற்சிப்பியில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். பிசினும் கண்ணாடித் தூளும் கலந்த இந்தப் பசை, நீல வெளிச்சத்தில் சில விநாடிகளில் இறுகும். இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கி ஓரத்தைப் பிய்க்கப் பார்க்கும். அதனால்தான் 2 மி.மீ. அளவில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு.

கிளாஸ் அயனோமர் சிமென்ட் பலத்தில் இவற்றுக்குப் பின்னால்தான். ஆனால் பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே பிணையும், ஃபுளோரைடும் கசியவிடும். பால் பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்கும் பொருத்தம்.

பாதரசத்தைக் குறைக்க 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. கடைவாய்ப் பற்களில் அமால்கத்தைவிடக் கம்போசிட்டின் அடியில்தான் மறுசொத்தை அதிகம் என்கின்றன ஒப்பீட்டு ஆய்வுகள். ஆகவே விலையை விசாரிக்கும்போதே, எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டுவார்களா என்றும் கேட்டுவிடுவது நல்லது.