நடக்கும் குழந்தைக்கு இயன்முறைச் சிகிச்சை எதற்கு?

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24 அன்று, அன்றைய கல்கத்தாவில், எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அப்போதைய பவானிபூர் நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். மூளை முடக்குவாதம் உள்ள, ஆனால் நடக்கக்கூடிய ஒரு சிறுமி இப்பகுதியில் வசிப்பதாகக் கொள்வோம். வீட்டுக்குள் அவள் துணையின்றி நடக்கிறாள், பள்ளிக்கும் செல்கிறாள். அலுவலக நேரக் கூட்டத்தில், கைப்பிடியைப் பற்றாமல், அந்நிலையத்தின் படிகளில் அவளால் இறங்க இயலுமா? பெரும்பாலும் இயலாது. "நடக்கிறாளே, இனி என்ன சிகிச்சை?" என்று கேட்போருக்கு இதுவே முதல் விடை.

வளரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்பே மூளை முடக்குவாதம். 1997-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இக்குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையினர் தடையின்றி நடப்பர். ஓடுவதிலும் குதிப்பதிலுமே குறை தெரியும். இரண்டாம் நிலையினருக்குப் படிக்கட்டும் மேடுபள்ளமும் இடர் தரும். மூன்றாம் நிலையினர் ஊன்றுகோல் அல்லது நடைச்சட்டத்தின் உதவியால் நடப்பர். இம்மூன்று பிரிவினரே நம் கட்டுரைக்கு உரியவர்கள்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை, குழந்தையோ வளர்கிறது. சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமுற்ற தசை நீள்வதில்லை. கெண்டைக்கால் தசை குறுகினால் குதிகால் தரையில் படாது. குழந்தை நுனிக்காலில் நடக்கிறது. உடல் எடை கூடும் பதின்பருவத்தில் முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. நடப்பதற்கு அக்குழந்தை செலவிடும் ஆற்றல் பிற குழந்தைகள் செலவிடுவதைவிட மிகுதி. ஆகவே ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து சென்றவன் பதினைந்து வயதில் பாதி வழியிலேயே சோர்ந்து உட்கார நேரிடலாம். முதலிரு நிலையினர் பெற்ற திறனைப் பொதுவாகத் தக்கவைத்துக் கொள்கின்றனர் என்றும், மூன்றாம் நிலையினர் ஒரு பகுதியை இழக்கக்கூடும் என்றும் 2009-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

அப்படியாயின் எத்தகைய சிகிச்சை? குழந்தையைப் பாயில் படுக்கவைத்துக் கைகால்களை நீட்டி மடக்கிவிடுவதே இயன்முறைச் சிகிச்சை என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. அதனால் மட்டும் நடை மேம்படுவதில்லை. இறுகிய தசைக்குப் பலம் கூட்டினால் இறுக்கமும் கூடும் என்று ஒருகாலத்தில் அஞ்சினர்; பிற்கால ஆய்வுகள் அந்த அச்சத்தை நீக்கின. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013-லும் 2020-லும் வெளியிட்ட தொகுப்பாய்வுகள், குழந்தை அடைய விரும்பும் ஒரு குறிப்பிட்ட செயலையே திரும்பத் திரும்பப் பழக்கும் முறைக்குச் சான்று வலுவாக இருப்பதை எடுத்துக் காட்டின. படியேற வேண்டுமா, படியிலேயே பழக வேண்டும். பவானிபூரின் பழைய வீடுகளில் நம் திண்ணையை ஒத்த 'ரோயாக்' உண்டு. அதில் அமர்ந்து எழுவதும், அதன் படிகளில் ஏறி இறங்குவதும், முதுகில் புத்தகப் பையுடன் அதையே செய்வதும் எந்தக் கருவியும் தேவைப்படாத நற்பயிற்சிகள். குறுகிவரும் கெண்டைக்காலுக்குத் தொடர் மாவுக்கட்டும், கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கியும், சிலருக்குப் போட்டுலினம் ஊசியும் துணைபுரியும். அவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இனிப் பொருளாதாரக் கணக்கு. வாரம் இருமுறை, முறைக்கு 45 நிமிடம் சிகிச்சை என்றால் ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருக்கும் நேரமோ வாரத்துக்கு ஏறத்தாழ 90 மணி. எஞ்சிய நேரத்தில் நிகழ்வதே பலனை நிர்ணயிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. கொல்கத்தா இவ்வகையில் பேறு பெற்ற நகரம். பவானிபூரிலேயே பி.ஜி. என்று மக்கள் அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை உள்ளது. சுதா கௌல் அவர்களின் முயற்சியால் 1974-இல் தோன்றிய நிறுவனம், இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் என்ற பெயரில் தாராதலாவில் இயங்குகிறது. வடக்கே பன்ஹூக்ளியில் 1978-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் உள்ளது. இருப்பினும், அன்றாடக் கூலிக்கு உழைக்கும் தாய் நகரின் மறுகோடிக்குக் குழந்தையுடன் சென்று திரும்பினால் அன்றைய வருவாய் போய்விடும். இலவசச் சிகிச்சையின் இந்த விலை எந்த வரவுசெலவு ஏட்டிலும் ஏறுவதில்லை. எனவே தாய்க்கும் ஆசிரியருக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, மையத்துக்கு வருவதைக் குறைப்பதே சிக்கனமான வழி.

சட்டமும் சற்றுச் சிந்திக்க வைக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் இடம்பெற்றுள்ளது. ஆயினும் இட ஒதுக்கீடு முதலிய பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு ஊனம் என்ற வரம்பு உண்டு. நன்றாக நடக்கும் குழந்தை இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடக்கூடும். சிகிச்சைத் தேவை அதனால் தீர்ந்துவிடுவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்க வகைசெய்கிறது. நடக்கத் தொடங்கியதும் 'குணமடைந்தார்' என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்ற இரு அளவுகளை மட்டுமேனும் குறித்துவரலாம். இதற்கு ஒரு கோணமானியும் அளவு நாடாவும் கடிகாரமும் போதும்.