குளத்துப் பாசியும் அதன் உணவும்

வன்னி நிலம் குளங்களால் வாழ்வது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய பெருங்குளங்களும் எண்ணற்ற சிறுகுளங்களும் வயலுக்கு நீரும் குடிகளுக்கு மீனும் உதவுகின்றன. கோடையில் நீர் வற்றி வெப்பமுறுங்கால் அவற்றிற் பாசி பெருகுதல் கூடும். அதனை அடக்குவது எங்ஙனம்?

அமெரிக்க அறிஞரான மூரும் கெல்லர்மனும் 1904ஆம் ஆண்டில் செப்புச் சல்பேற்றைப் பாசிக்கொல்லியாக எடுத்துரைத்தனர். அதனாற் பாசி மடியும், பிணி தீராது. மடிந்த பாசி அழுகுங்கால் ஒட்சிசன் குன்றி மீன்கள் மாளும். நீலப்பசும் பாசிகளுட் சில தம்முள் அடங்கிய நஞ்சை நீரிற் கலந்துவிடும். அந்நஞ்சு நீரைக் கொதிக்க வைப்பினும் நீங்காது.

ஆதலின் பாசியின் உணவை ஆராய்தல் வேண்டும். 1973இல் டேவிட் சின்ட்லர் என்பார் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரியொன்றைத் திரையிட்டு இரு கூறாக்கினார். இரண்டிலும் காபனையும் நைதரசனையும் சேர்த்தார். ஒன்றில் மட்டும் பொசுபரசையும் சேர்த்தார். அக்கூறே பாசியாற் பச்சை நிறமுற்றது. சில பாசிகள் நைதரசனைக் காற்றினின்றும் பெறவல்லன. பொசுபரசை அவ்வாறு பெறுதல் இயலாது.

வன்னியில் மேற்குளத்து வயலின் கழிநீர் கீழ்க்குளத்தைச் சேர்வது இயல்பு. ஒருவர் இட்ட மிகையுரம் மற்றவர் குளத்திற் பாசியாகின்றது. மண்ணைச் சோதித்து அளவறிந்து உரமிடுதல் வேண்டும். பொசுபரசு மண்துகளோடு ஒட்டிச் செல்லுமாதலின், அம்மண்ணைத் தடுக்கும் கரையோரப் புல்லையும் மரத்தையும் காத்தல் வேண்டும். குளம் தூயதாதல் அதற்கு மேலுள்ள வயலிலேயே தொடங்குகின்றது.