இரண்டாம் முறை மலையேறுபவர்

பிரிட்டனின் சிறப்புப் படையான 22-வது எஸ்.ஏ.எஸ். ரெஜிமென்ட்டுக்கு வெளியாள் யாரும் நேராக விண்ணப்பம் போட முடியாது. ஏற்கெனவே படையில் சீருடை போட்டுச் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை வேல்ஸ் மலைகளில் தேர்வு தொடங்கும். தேறாதவரை வந்த இடத்துக்கே, பழைய படைப்பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கு மொத்தம் இரண்டே வாய்ப்பு. அந்த இரண்டாவது வாய்ப்பைத் தோற்றவர்மேல் காட்டும் இரக்கம் என்பவர்கள் உண்டு. முரட்டுப் பிடிவாதத்துக்குப் போடும் தீனி என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இரண்டு முயற்சிகளுக்கு நடுவே கழியும் மாதங்களையும் இந்தத் தேர்வின் ஒரு கட்டமாகவே கணக்கில் கொள்ள வேண்டும். மலையில் தெரியவராத ஒரு குணம் அங்கேதான் தெரியவருகிறது.

முதலில் மலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பென்-இ-ஃபான் சிகரத்தின் உயரம் 886 மீட்டர்தான். நம் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதன் மேலேறி, மறுபுறம் இறங்கி, மறுபடி அதே வழியில் திரும்ப வேண்டும்: முதுகில் சுமையோடு 24 கிலோமீட்டர். மலைக்கட்டத்தின் கடைசி நடை 64 கிலோமீட்டர். சுமார் 25 கிலோ பையும், அதற்கு மேல் தண்ணீரும் உணவும், கையில் துப்பாக்கியும். இருபது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். துப்பாக்கிக்குத் தோள்வார் கிடையாது என்பதால் ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும். கத்தி விரட்டும் சார்ஜெண்ட் யாரும் இல்லை, தட்டிக்கொடுப்பவரும் இல்லை. மேப்பையும் காம்பஸையும் வைத்துக்கொண்டு மூடுபனியில் தனியாக வழி கண்டுபிடிக்க வேண்டியதுதான். இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களுக்காகவே தோற்கிறார்கள்: கணுக்கால் பிசகியது, பள்ளத்தாக்கு மாறிப்போனது, முதல் பத்து மைலில் வேகத்தைக் கொட்டிவிட்டது. இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். அடுத்து வரும் காட்டுக்கட்டம் அப்படியல்ல. நால்வர் குழுவில், வாரக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கும்போது, ஒருவர் தன் ஆயுதத்தையும் உடம்பையும் எப்படிப் பேணுகிறார், கூட இருப்பவர்கள் அவரோடு வாழ முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே தோற்றவர் கூடுதலாக ஓடிப் பழகுவதால் பெரிதாகப் பயனில்லை.

பழைய பிரிவுக்குத் திரும்பியவருக்கு வழக்கமான வேலை காத்திருக்கிறது: காவல் முறை, வண்டிப் பராமரிப்பு, தளவாடக் கணக்கு. அவர் தேறவில்லை என்பது பாசறை முழுக்கத் தெரியும். பயிற்சிக்குத் தனி ஆசிரியர் கிடையாது. சனி, ஞாயிறுகளைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. தேர்வில் வென்று எஸ்.ஏ.எஸ்.ஸில் சேரும் கார்ப்பரலும் சார்ஜெண்டும் பதவிப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரண ட்ரூப்பராகத் தொடங்க வேண்டும். சம்பளம் குறையாது, ஆனால் அதிகாரம் போய்விடும். பழைய பிரிவில் ஆண்டுகள் கூடக்கூட இழக்க வேண்டியதும் கூடும். முதல் முறை வருபவரை 1980-ல் லண்டன் ஈரானியத் தூதரக முற்றுகையை எஸ்.ஏ.எஸ். முறியடித்ததைத் தொலைக்காட்சி காட்டியதிலிருந்து வளர்ந்த பெருமைகூட இழுத்து வரலாம். திரும்ப வருபவர் விலையைத் தெரிந்துகொண்டு வருகிறார். யாரும் பார்க்காதபோதும் வேலையை விடாமல் செய்பவர்தான், கட்டளை எட்டாத தூரத்தில் இயங்கும் நால்வர் குழுவுக்குத் தேவை.

அமெரிக்காவில் ஏஞ்சலா டக்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. சிறப்புப் படைத் தேர்வுக்கு வந்த ராணுவ வீரர்களிடம் தொடக்கத்திலேயே ஒரு வினாத்தாளைக் கொடுத்து விடாமுயற்சியை அளந்தார்கள். அதில் அதிக மதிப்பெண் பெற்றவர்களே தேர்வை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். வீரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தோற்றபின் மாதக்கணக்கில் ஒருவர் என்ன செய்தார் என்பது எந்த வினாத்தாளையும்விட நம்பகமான சாட்சி.

தேர்வை ஒருமுறை பார்த்தவருக்கு வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்தது போலத்தானே என்று கேட்கலாம். பென்-இ-ஃபான் பாதையில் ரகசியம் ஏதும் இல்லை. அதே வழியில் பொதுமக்களுக்கே போட்டி நடத்துகிறார்கள். பாதை தெரிந்ததால் பை இலேசாகிவிடாது. வட கரோலினாவில் நடக்கும் அமெரிக்கச் சிறப்புப் படையான கிரீன் பெரேயின் தேர்வில் எத்தனை மணி நேரத்துக்குள் முடித்தால் தேர்ச்சி என்பதையே வீரர்களிடம் சொல்வதில்லை. ‘முடிந்த அளவு செய்’ என்பதே உத்தரவு. மீண்டும் வந்தவரும் அங்கே அதே இருட்டில்தான் நடக்கிறார்.

அப்படியானால் எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டுமே என்றால், அதற்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை. 1950-ல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகத் திரட்டிய, பின்னாளில் 22-வது எஸ்.ஏ.எஸ். ஆன ‘மலாயன் ஸ்கௌட்ஸ்’ படையில் சரியாகச் சலிக்காமல் ஆள் சேர்த்தார்கள், ஒழுங்கு கெட்டது. அதைப் பார்த்துத்தான் அந்தப் படையின் அதிகாரி ஜான் உட்ஹவுஸ் 1952-ல் பிரிட்டன் திரும்பி இந்த மலைத் தேர்வை உருவாக்கினார். சலிப்பதற்காகவே பிறந்த சல்லடையில் வரம்பில்லாமல் போட்டுக் குலுக்கினால் பயனில்லை. ஒரே வாய்ப்பு என்றால் பிசகிய கணுக்கால் தீர்ப்புச் சொல்லிவிடும். ஐந்து என்றால் பழக்கமே தேறிவிடும். இரண்டு என்பது நியாயமான எண். நல்ல ஆளை அனுப்பிவைக்கும் பிரிவு நஷ்டப்படுகிறதே என்ற குறை உண்மைதான். ஆனால் தேறாமல் திரும்புபவரும் முன்னைவிட நன்றாக மேப் படிப்பவராகவே திரும்புகிறார்.

கனமான ஆட்சேபம் வேறு. கடைசி வாய்ப்பில் இருப்பவர் தானாக நிற்க மாட்டார். 2013 ஜூலையில் கொளுத்தும் வெயிலில் நடந்த ரிசர்வ் எஸ்.ஏ.எஸ். தேர்வு நடையில் உடல் வெப்பம் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தது. இருந்தும் அசையாமல் கிடந்தவர்களிடம் உரிய நேரத்தில் யாரும் போய்ச் சேரவில்லை. முன்னதாகவே வேறு வீரர்கள் வெயிலில் பாதிக்கப்பட்டபோது நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று 2015-ல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். இறந்தவர்கள் எத்தனையாவது முயற்சியில் இருந்தார்கள் என்பது இங்கே பொருட்டே இல்லை. நிறுத்தும் பொறுப்பை நடப்பவர் தலையில் கட்டக் கூடாது என்பதே விஷயம். இரண்டு வாய்ப்பு என்று வரம்பு வைத்தால் தேர்வை நடத்துபவர்களின் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வெயிலின் அளவைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு ஒருவரின் பாக்கி வாய்ப்புக் கணக்கு தெரியவே வேண்டாம். மருத்துவர் நிறுத்திய நடையை ஒரு முயற்சியாக எண்ணவும் கூடாது. எண்ணினால், மயக்கம் வருகிறது என்று யார்தான் வாய்திறந்து சொல்வார்கள்?